முகத்துக்கு எத்தனை வினாடி

எங்கள் ஊரான தாமலில் எழுபது, எண்பது வயதைத் தாண்டிய பெண்களில் பலருக்குக் கல்யாணப் படம் கிடையாது. பிள்ளை பெற்றபோது எடுத்த படம் கிடையாது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயலில் கழிந்த காலத்துக்குச் சாட்சியாக ஒரு படமும் கிடையாது. 1993க்குப் பிறகு வாக்காளர் அடையாள அட்டைக்காக வரிசையில் உட்கார வைத்து எடுத்த சின்னஞ்சிறு படம்தான் சிலருக்கு முதல் படம். "நிமிர்ந்து பாரு ஆயா" என்று யாரோ அதட்டியதில் திடுக்கிட்ட முகம் அது. அவர்கள் காலமான பின் அதையே காஞ்சிபுரத்து ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறோம். முழு வாழ்க்கை வாழ்ந்த ஒருத்தியைப் பேரப்பிள்ளைகள் அந்தத் திடுக்கிட்ட முகமாகவே அறிகிறார்கள்.

அதனால்தான், வீட்டில் சிதறிக் கிடக்கும் படங்களைச் சேர்த்துப் பாட்டோடு ஒரு டிவிடியாகச் செய்வதைப் பொழுதுபோக்கு வேலை என்று நான் நினைப்பதில்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கணினியைப் பேத்தியிடம் கற்றுக்கொண்டேன். அறுபதாம் கல்யாணம், பேரன் காதுகுத்து, முதலாண்டு நினைவு நாள் என்று சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு இப்படிச் செய்து தருகிறேன். புதிதாகச் செய்ய நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, "தாத்தா, எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பேன்: "இதை யார் பார்க்கப் போறாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கணினி முன் உட்கார்ந்து தொகுக்கிறவன் ஒவ்வொரு படத்தையும் பல தடவை பார்த்துவிட்டவன். அவன் கண்ணுக்கு மூன்று வினாடியே நீளமாகத் தெரியும். சட்டென்று மாறினால்தான் விறுவிறுப்பு என்று அவனுக்குத் தோன்றும். ஆனால் டிவி முன் பாயில் உட்கார்ந்து பார்க்கப் போகிறவர் கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட பெரியம்மா. படம் திரையில் வந்ததும் இது எந்த இடம் என்று தேடுவார். பிறகு யார் யார் என்று பார்ப்பார். கடைசியில்தான் தன்னைக் கண்டுபிடிப்பார். "அட, பக்கத்துல எங்க சின்ன தம்பி" என்று வாய் திறக்கும்போது படம் மாறிவிட்டால் அவர் அடுத்த படத்தையும் பார்ப்பதில்லை. போன படத்திலேயே நின்றுவிடுகிறார். இளையவர்களுக்காகச் செய்த வேகம் மூத்தவர்களை அவர்கள் வாழ்க்கையிலிருந்தே வெளியே நிறுத்திவிடுகிறது. அறையில் எல்லோரும் கைதட்டும்போது அவர் மட்டும் பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனம் கஷ்டப்படும்.

எத்தனை வினாடி வைப்பது என்பதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை, நிதானமாக, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிக்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அந்தப் படம் திரையில் நிற்கட்டும். ஒருவர் மட்டும் இருக்கும் படத்துக்கு ஐந்தாறு வினாடி போதும். எட்டுப் பேர் இரண்டு வரிசையாக நிற்கும் நிச்சயதார்த்தப் படத்துக்குப் பதினைந்து வினாடி வேண்டும். நாமாக ஒரே அளவை எல்லாப் படத்துக்கும் கட்டிவிடக் கூடாது. மென்பொருள் அப்படித்தான் கொடுக்கும். ஒவ்வொன்றாகக் கையால் மாற்றுவதுதான் இந்த வேலையில் அதிக நேரம் பிடிப்பது. அந்த நேரத்தைக் கொடுங்கள்.

கணக்கும் இதோடு சேர்ந்து வருகிறது. சராசரியாக ஒரு படத்துக்கு 7 வினாடி என்று வைத்துக்கொண்டால், நாலரை நிமிடப் பாட்டுக்கு 38 படம். வீட்டார் கொண்டுவந்து குவிப்பதோ முந்நூறு. அத்தனையும் போட்டால் 35 நிமிடம் ஓடும். சாதாரண டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிபி, நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம் பிடிக்கும், அதாவது ஆயிரம் படம். வட்டில் இடம் இருக்கிறது. பார்க்கிறவர் மனதில் அவ்வளவு இடம் கிடையாது. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் பிள்ளைகள் எழுந்து வெளியே போகும், பெரியவர்கள் காபி வைக்கக் கிளம்புவார்கள். ஆகவே எழுபது, எண்பது படத்தோடு நிறுத்துங்கள். ஒரே தாலி கட்டும் காட்சியில் ஒன்பது படம் இருந்தால் எட்டை விடத்தான் வேண்டும்.

விடுவது சுலபமில்லை என்று தெரியும். இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு நான் ஏ.கே. செட்டியாரைச் சொல்வது வழக்கம். கோட்டையூரில் பிறந்து, தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று 1937ல் கப்பலில் போகும்போது நினைத்தார். நினைத்ததும் புதிதாகப் படமெடுக்கக் கிளம்பிவிடவில்லை. அதுவரை முப்பது ஆண்டுகளாக, நூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்பதிவாளர்கள் காந்தியை எடுத்து வைத்திருந்த துண்டுகளை நாடு நாடாக அலைந்து தேடினார். ஐம்பதாயிரம் அடிப் படச்சுருள் சேர்ந்தது. அதிலிருந்து பன்னிரண்டாயிரம் அடிதான் திரைக்குப் போனது. படம் 1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழ் விளக்கவுரையோடு வெளியானது. நாலில் மூன்று பங்குக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்; அதுவும் அவ்வளவு பாடுபட்டுத் தேடியதை. நாம் ஆல்பத்திலிருந்து எடுத்ததை ஒதுக்கத் தயங்குகிறோம்.

அந்தப் படத்துக்குப் பின்னால் நடந்ததும் பாடம்தான். பிரதிகள் காணாமல் போயின. பல காலம் படமே இல்லை என்று ஆகிவிட்டது. பிற்காலத்தில் வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடியதில் அதன் சுருக்கமான ஆங்கில வடிவம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தது. காந்தி படத்துக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டு டிவிடியைப் பற்றி என்ன சொல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

படம் சேகரிக்கப் போகும்போது நம் வீட்டு ஆல்பத்தோடு நின்றுவிடாதீர்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே இருக்கும். சாமி படச் சட்டத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். பள்ளிக்கூடக் குழுப்படம், பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை எல்லாவற்றிலும் முகம் இருக்கிறது. முக்கியமாக ஒன்று: நம் வீட்டுக்கு மருமகளாக வந்தவர்களின் சிறுவயதுப் படம் நம் வீட்டில் இருக்காது. அது அவர்கள் பிறந்த வீட்டில் இருக்கும். பெரும்பாலான குடும்பத் தொகுப்புகளில் பெண் என்பவள் கல்யாண மேடையில்தான் திடீரென்று தோன்றுகிறாள். அதற்கு முன் அவளுக்கு வாழ்க்கையே இல்லாத மாதிரி. இது எனக்கு ஒப்புவதில்லை. உத்திரமேரூர்ப் பக்கம் சம்பந்தி வீடு இருந்தால் பேருந்து ஏறிப் போங்கள். அங்கே இருக்கும் மாமாவிடமோ சித்தியிடமோ உட்கார்ந்து கேளுங்கள். பாவாடை கட்டிக்கொண்டு கிணற்றடியில் நிற்கும் உங்கள் அம்மாவை அங்கேதான் பார்ப்பீர்கள்.

சட்டம் போட்ட பழைய படத்தை வெளியே எடுக்க அவசரப்படாதீர்கள். பல வருஷ ஈரத்தில் படத்தின் மேற்பரப்பு கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கி, வெள்ளைக் காகிதம் கையில் வரும். கண்ணாடியோடு அப்படியே படமெடுங்கள். வெயில் நேராக விழாத திண்ணை அதற்கு நல்ல இடம். ஃப்ளாஷ் வேண்டாம். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நேர் மேலிருந்து எடுத்தால் உங்கள் நிழலுருவம் கண்ணாடியில் விழுவது குறையும். ஒட்டும் தாள் வைத்த ஆல்பங்களும் இப்படித்தான். அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வராத படத்தைத் தாளோடு ஸ்கேன் செய்யுங்கள். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 300 டிபிஐ போதும். பாஸ்போர்ட் அளவுக்கும் அடையாள அட்டைப் படத்துக்கும் 600 வையுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வாட்ஸப்பில் அனுப்பினால் படம் சுருங்கி வரும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், முழு அளவில் வரும்.

கரையான் அரித்ததையும் மங்கியதையும் தூக்கிப் போட வேண்டாம். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாகப் பதிந்து வைத்திருக்கிறது. தீட்டிய திரைச்சீலைக்கு முன்னால் விறைப்பாக நிற்கும் சாதாரணக் குடும்பங்களின் படங்கள்தான் அவை. அவர்கள் வரலாறு என்று மதித்துச் சேர்ப்பதைத்தான் நாம் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறோம்.

படத்தைவிட அவசரமானது பெயர். ஸ்கேன் செய்த அன்றே, யார், எந்த ஊர், எந்த விசேஷம், எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919லும் 921லும் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் எல்லோருக்கும் தெரியும். அவற்றில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு, அரசன் ஆணைப்படி வந்து அமர்ந்திருந்த அதிகாரி யார் என்பதும் எழுதியிருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் நம்மிடம் அவை பேசுவதற்கு அந்த விவரமும் காரணம். நம் வீட்டுப் படங்கள் ஐம்பது வருஷத்திலேயே ஊமையாகிவிடுகின்றன. "இது யாரு பெரியப்பா?" என்று கேட்டால் "யாரோ நம்ம பங்காளிதான்" என்று பதில் வருகிறது. அந்தப் பங்காளியின் பெயர் தெரிந்த கடைசி ஆள் ஊரில் இருக்கும்போதே போய்க் கேட்டுவிட வேண்டும். கணினி வேலை அடுத்த மாதம்கூட நடக்கும்.

பெயரைத் திரையிலும் போடுங்கள். சில மென்பொருள்களில் தமிழ் எழுத்து சிதையும். கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போகும். அப்படியானால் வெள்ளைத்தாளில் கையால் எழுதிப் படமெடுத்துச் சேர்க்கலாம். வீட்டில் இருக்கும் மூத்தவரை எழுதச் சொன்னால் அவர் கையெழுத்தும் தொகுப்பில் தங்கும். பழைய டிவிகள் படத்தின் ஓரத்தைச் சிறிது வெட்டிக் காட்டும் என்பதால் எழுத்தை விளிம்பில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். இன்னொன்று, திரையை நிரப்ப வேண்டும் என்று நிமிர்ந்த படத்தைப் பக்கவாட்டில் இழுக்கவே கூடாது. ஒல்லியான அத்தையைப் பருமனாக்கி என்ன பயன்? இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும்.

ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போக மென்பொருளில் நூறு வித்தை இருக்கும். பக்கம் புரளும், இதயம் விரியும், சதுரம் சதுரமாக உடையும். ஒன்றின் மேல் ஒன்று மெல்லக் கரைந்து வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை முகத்தைச் சிதைப்பவை. காலமானவர் படத்தை உடைத்துச் சிதறவிட்டால் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும். பெரிய குழுப்படங்களில் மட்டும், முழுப் படத்தைக் காட்டிவிட்டு மெல்ல நெருங்கி முகம் முகமாக நகர்ந்து போகலாம். கனடாவில் 1957ல் வந்த 'சிட்டி ஆஃப் கோல்ட்' என்ற குறும்படத்தில், தங்கம் தேடிப் போனவர்களின் பழைய அசையாப் படங்களை இப்படி நகர்த்திக் காட்டினார்கள். அதைக் கண்டு கற்ற அமெரிக்கர் கென் பர்ன்ஸ், 1990ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தொடரில் அந்த உத்தியைப் பெரிதாகப் பயன்படுத்தினார். இன்று மென்பொருள்களில் அவர் பெயரிலேயே அந்த அசைவு இருக்கிறது. அவர் நகர்த்தியதற்குக் காரணம் இருந்தது. பார்ப்பவர் கண்ணை ஒரு முகத்திடம் கூட்டிப்போனார். காரணமில்லாமல் எல்லாப் படத்தையும் ஆட்டினால் பெரியவர்களுக்குத் தலைதான் சுற்றும்.

பாட்டுக்கு வருவோம். எல்லோரும் இதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் கடைசியில் வைக்கிறேன். வார்த்தை உள்ள பாட்டு படத்தோடு போட்டி போடும். அம்மா பாசம் பற்றிய பாட்டு ஓடும்போது திரையில் மாமன் படம் வந்தால் மனம் இரண்டு பக்கம் இழுபடும். பழைய காலப் படங்களுக்கு நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வீணையோ, வார்த்தையில்லாத இசை போதும். ஒரு பாட்டாவது வேண்டும் என்றால், யாருக்காகத் தொகுக்கிறோமோ அவர் இளமையில் வானொலியில் கேட்டு முணுமுணுத்த பாட்டு எது என்று விசாரித்து அதைப் போடுங்கள். பாட்டைச் சரணத்தின் நடுவில் அறுக்காதீர்கள். படம் மீதம் இருந்தால் படத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டு வைத்தால் இரண்டுக்கும் ஒலி அளவைச் சமமாக்குங்கள். முதலாவது முனகி இரண்டாவது அலறினால் ரிமோட்டைத் தேடுவதிலேயே அந்தப் படங்கள் போய்விடும்.

இதையெல்லாம்விட நல்ல ஒலி ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. ஏரி நிரம்பிய வருஷங்களில் எங்கள் ஊரில் நடவு நட்ட பெண்கள் பாடியவர்கள். தாமல் ஏரிப் பாசனத்தில் இறங்கிய கால்கள் இப்போது திண்ணையை விட்டு இறங்க முடியாமல் இருக்கலாம், ஆனால் குரல் இருக்கிறது. "ஆயா, அந்தக் காலத்துல நடவுல என்ன பாடுவீங்க?" என்று கேட்டுவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, செல்பேசியை மடியருகே வைத்துப் பதிவு செய்யுங்கள். முதலில் வெட்கப்படுவார். ஒரு வரி வந்தால் அடுத்தடுத்து வரும். தாலாட்டு தெரிந்தவர்கள் தாலாட்டு பாடுவார்கள். பின்னணியில் கோழி கூவினால் இருந்துவிட்டுப் போகட்டும். கடையில் வாங்கும் எந்த இசையும் அந்தக் குடும்பத்துக்கு இதற்கு ஈடாகாது. அவர் குரல் ஓடும்போது அவர் நட்ட கழனியின் படம் திரையில் வரட்டும். பழைய படம் இல்லையென்றால் அந்த நிலத்தை இன்று போய் எடுங்கள்.

வட்டில் எழுதும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலர் பழகிய விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017ல் நிறுத்திவிட்டது. ஓபன்ஷாட், கேடென்லைவ் போன்றவை இலவசம்; தொகுத்த வீடியோவை டிவிடியாக்க டிவிடி ஸ்டைலர் இருக்கிறது. இந்தியாவில் பழைய டிவி முறை பால் (PAL). 720க்கு 576 அளவு, வினாடிக்கு 25 சட்டம் என்று தேர்ந்தெடுங்கள். வீடியோ கோப்பை அப்படியே டேட்டாவாக எழுதிக் கொடுத்தால் பல பிளேயர்களில் ஓடாது. வீடியோ டிவிடியாக எழுத வேண்டும். வேகத்தைக் குறைத்து எழுதுங்கள். எழுதியதை உங்கள் கணினியில் போட்டுப் பார்த்தால் போதாது, யார் வீட்டில் ஓடப் போகிறதோ அந்த வீட்டு பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

இந்தக் காலத்தில் டிவிடி எதற்கு என்று பேத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. புது மடிக்கணினிகளில் அதைப் போடும் இடமே இல்லை. ஆனால் செல்பேசிக்குள் இருக்கும் வீடியோவைப் பார்க்கப் பெரியம்மா இன்னொருவரைக் கேட்டு நிற்க வேண்டும். "உனக்கு நேரம் இருந்தா காட்டுப்பா" என்று கேட்கக் கூச்சப்பட்டே பலர் கேட்பதில்லை. டிவிடி என்றால் அட்டையில் படம் ஒட்டிய ஒரு பெட்டி. அலமாரியில் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். மதியம் வீட்டில் யாரும் இல்லாதபோது தானே போட்டுப் பார்க்கலாம். பிளேயர் பழுதாகிவிட்டால் அதே தொகுப்பை எம்பி4 கோப்பாகப் பென்டிரைவில் ஏற்றி டிவியின் பின்னால் செருகிக் கொடுங்கள், எந்தப் பொத்தான் என்று பழக்கிவிட்டு வாருங்கள். யூடியூபில் ஏற்றிக்கொள்ளலாம் என்றால் சினிமாப் பாட்டுக்கு உரிமைச் சிக்கல் வரும், தடுக்கப்படவும் கூடும். ஆயா பாடிய பாட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

எழுதக்கூடிய வட்டில் சாயப் பூச்சின் மேல்தான் பதிவு நிற்கிறது. வெயில் பட்டால் கெடும். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், துடைத்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். எவ்வளவு பாதுகாத்தாலும் ஒரு பிரதி என்பது பிரதி இல்லை என்ற கணக்குதான். செட்டியார் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த மூலப் படங்கள், பெயர் எழுதிய நோட்டின் படம், குரல் பதிவு எல்லாம் சேர்ந்து இரண்டு ஊரில், இரண்டு வீட்டில் இருக்க வேண்டும்.

முதல் தடவை போட்டுக் காட்டும்போது நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், பார்க்கிறவர்களைப் பாருங்கள். பெரியம்மா விரலை நீட்டுகிற படங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு இன்னும் சில வினாடி கொடுக்க வேண்டும். செல்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். "அது எங்க அண்ணன் இல்ல, அவங்க மச்சான்", "அன்னிக்கு மழை, பந்தல் சரிஞ்சிடுச்சு", "இந்தப் பொடவை கடன் வாங்கிக் கட்டினது" என்று யாரும் கேட்காமலே வரும். முதல் வட்டைச் செய்ததன் பெரிய பயன் இந்தப் பேச்சுதான். திருத்தங்களை நோட்டில் ஏற்றி, தொகுப்புக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்து, இரண்டாம் முறை எழுதுங்கள். அந்த இரண்டாவதைப் பிரதியெடுத்து அண்ணன் தம்பி வீடுகளுக்குக் கொடுக்கும்போது, படம் தேடிப் போய் வந்தீர்களே, அம்மா பிறந்த வீடு, அங்கேயும் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.